சோற்றுக்கு முந்திய வைன்

என் தங்கை குடிப்பதில்லை. அதனால்தான் நான் ரொறன்ரோவுக்குப் போகவேண்டி வந்தது.

தங்கை மங்களம் ஸ்காபரோவில், ஒரு பிளாசாவில் உள்ள தமிழ்ச் சாப்பாட்டுக் கடையின் பின்புறத்தில் பத்தொன்பது வருடமாகச் சமைக்கிறாள். அந்தக் கடைக்கு வியாழக்கிழமைகளில் ஹெலன் என்றொரு வெள்ளைக்காரப் பெண் வந்து கத்தரிக்காய்க் கறி வாங்கிப் போவாளாம். ஒருநாள் சமைப்பவரைப் பார்க்கவேண்டும் என்று கேட்டிருக்கிறாள். ஹெலனுக்கு நகரத்தின் மேற்குப் பக்கத்தில் பதினாறு பேர் இருக்கக்கூடிய சின்ன வைன் கடை ஒன்று உண்டு. ஜேர்மன் சிவப்பு வைனை ஆசைப்பட்டு நிறைய வாங்கி வைத்துவிட்டாள், யாரும் குடிப்பதில்லை. ஜேர்மனி என்றால் வெள்ளை வைன் என்றே இந்த ஊர் ஆட்கள் நினைக்கிறார்கள். வீட்டில் ஒருநாள் மங்களத்தின் கத்தரிக்காயோடு அதைக் குடித்துப் பார்த்திருக்கிறாள். அன்றிலிருந்து அவளுக்கு ஒரு யோசனை.

கடை பூட்டியிருக்கும் ஒரு திங்கட்கிழமை குசினியை மங்களத்திடம் விடுவது. ஹெலனின் ஆட்கள் எட்டுப் பேர், மங்களத்தின் ஆட்கள் எட்டுப் பேர். சாப்பாடும் அந்த வைனும் சேர்ந்து வந்தால், வாரத்தில் ஒரு மாலை அந்தக் குசினி மங்களத்துக்கு. அவள் விரும்பியதை, அவள் விரும்பியபடி சமைக்கலாம். சரிவராவிட்டால் கைகொடுத்து, நன்றி சொல்லிப் பிரிந்துவிடலாம்.

ஐம்பத்துநாலு வயதில் மங்களத்துக்கு இப்படியொன்று வந்தது இதுதான் முதல் தடவை. ஹெலன் கொடுத்துவிட்ட இரண்டு போத்தல்களையும் மேசையில் வைத்து இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தாளாம். பிறகு எனக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"அண்ணை, நீங்கள் வருசம் முழுக்க உந்தத் தோட்டத்துக்குள்ளதானே கிடக்கிறியள். ஒருக்கா வந்து குடிச்சுச் சொல்லுங்கோ, என்ர கறி அதோட என்ன செய்யுது எண்டு."

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மூன்று நாட்டில் தஞ்சம் கேட்டேன், இரண்டில் இல்லை என்றார்கள். நோர்வேயில் மீன் வெட்டினேன், இத்தாலியில் ஒரு குளிர்காலம் ரயில் நிலையத்தில் படுத்தேன். அதில் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை, தரை குளிரும், அவ்வளவுதான். கடைசியில் ஜேர்மனியின் தென்மேற்கே, ரைன் ஆற்றுப் பக்கம், திராட்சைத் தோட்டத்தில் வந்து நின்றேன். பதினாலு வருடமாக அங்கே கொடி வெட்டுகிறேன், கட்டுகிறேன், பழம் பறிக்கிறேன். வைன் பற்றிப் புத்தகத்தில் உள்ளது எனக்குத் தெரியாது. என்னுடைய நாக்குக்குக் கொஞ்சம் தெரியும்.

ஹெலன் வாங்கி வைத்திருந்தது டோர்ன்பெல்டர். நாங்கள் வளர்க்கிற அதே திராட்சை. வெளிறிய வைன்களுக்கு நிறம் கொடுக்கவென்று உண்டாக்கிய இனம் என்று எங்கள் முதலாளி சொல்லுவார். பிறகுதான் அதைத் தனியாகவே குடிக்கலாம் என்று கண்டுபிடித்தார்களாம். நாவற்பழம் தின்றதுபோல நாக்கை ஊதாவாக்கும். துவர்ப்புக் குறைவு, பழச்சுவை அதிகம். அங்கே அதைக் காட்டுப்பன்றி இறைச்சியோடும், புளிப்பு வினாகிரியில் நாலைந்து நாள் ஊறப்போட்டு அவிக்கும் மாட்டிறைச்சியோடும், சிவப்பு முட்டைக்கோவாவோடும் குடிப்பார்கள். கத்தரிக்காயோடு குடிப்பதை நான் கண்டதில்லை.

ஆறு போத்தல்களை உடுப்புகளுக்குள் சுற்றிப் பெட்டியில் வைத்தேன். ரொறன்ரோ விமான நிலையத்தில் பெட்டி வந்தபோது அதன் ஒரு மூலை ஊதா நிறமாக இருந்தது. சுங்க அதிகாரி பெட்டியைத் திறந்தார். என் ஐந்து சட்டைகளில் நாலு, பிரசவம் பார்த்த துணிபோல இருந்தன. இரண்டு போத்தல்தான் வரியில்லாமல் கொண்டு வரலாம், மிச்சத்துக்குக் கட்டவேண்டும் என்றார். உடைந்த ஒன்றுக்குமா என்று கேட்டேன். அவர் சட்டைகளை ஒரு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, அதை நீ ஏற்கெனவே குடித்துவிட்டாய் என்று வைத்துக்கொள்கிறேன் என்றார். முதல் நாளே நல்ல மனிதர் ஒருவரைக் கண்டாகிவிட்டது.

மங்களத்தின் கணவன் சிவநேசன் லொறி ஓட்டுகிறவன். கண்டம் முழுக்கச் சரக்கு ஏற்றிப் போகிற மனிதன், விமான நிலையக் கார் தரிப்பிடத்தில் தன்னுடைய வானை எந்த மாடியில் விட்டான் என்று மறந்துவிட்டான். நாலு மாடி ஏறி இறங்கினோம். பிறகு நானூற்றி ஒன்று நெடுஞ்சாலையில் அவர்கள் வீடு இருக்கும் அஜக்ஸுக்குப் போகும் வழியெல்லாம், வைனைப் பற்றித் தன் அபிப்பிராயத்தைச் சொல்லிக்கொண்டு வந்தான்.

"உது குடிவகையோ மச்சான்? சின்னனிலை இருமலுக்குத் தாற டொனிக்கெல்லோ."

மறுநாள் காலை நடக்கப் போனேன். அஜக்ஸில் வீடுகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. ஒரே கதவு, ஒரே ஜன்னல், ஒரே அளவு புல்தரை. எங்கள் திராட்சைக் கிராமத்தில் ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு பக்கம் சரிந்து நிற்கும், குடித்துவிட்டு வந்தாலும் தெரியும். இங்கே குடிக்காமலே வீட்டைத் தொலைத்துவிட்டேன். இரண்டு தெரு சுற்றியபிறகு காற்றில் மிளகாய் வறுக்கிற மணம் வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு போனேன். மங்களம் பின் முற்றத்தில் காஸ் அடுப்பை வைத்து, முகத்தைத் துணியால் கட்டிக்கொண்டு கறித்தூளுக்கு வறுத்துக்கொண்டிருந்தாள். வேலியின் மறுபக்கத்தில் யாரோ இருமினார்கள். அவள் ஆங்கிலத்தில் "சொரி" என்றாள். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை இருமலும் சொரியும் கேட்டுக்கொண்டே இருந்தன.

அன்று சாமான் வாங்க ஸ்காபரோவுக்கு பஸ்ஸில் போனோம். எங்களுக்கு முன்னால் இருந்த ஒரு பெண் தொலைபேசியில் பெரிய குரலில் சம்பந்தி வீட்டுச் சண்டையைச் சொல்லிக்கொண்டு வந்தார். மறுமுனை தயங்கியிருக்கவேண்டும். "பயப்பிடாமல் சொல்லு, பஸ்ஸுக்குள்ள ஒருத்தருக்கும் தமிழ் விளங்காது" என்றார். பஸ்ஸில் பாதிப்பேர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வாயை இறுக்கி மூடியிருந்தார்கள். நாங்கள் இறங்கவேண்டிய தரிப்பு வந்தது. மங்களம் எழும்பவில்லை. கதை முடியட்டும் என்றாள். இரண்டு தரிப்பு தாண்டி இறங்கித் திரும்பி நடந்தோம்.

பிளாசாவில் மரக்கறிக் கடை, நகைக் கடை, கணக்காளர், பல்வைத்தியர், சேலைக் கடை எல்லாம் ஒரே கூரையின் கீழ். மங்களம் கத்தரிக்காயை ஒவ்வொன்றாக எடுத்துக் காம்பைப் பார்த்து வாங்கினாள். நான் திராட்சையை அப்படித்தான் பார்ப்பேன். அதைச் சொன்னேன். "பிறகென்ன, இரண்டு பேருக்கும் ஒரே தொழில்" என்றாள்.

வியாழன் மாலை முதல் பரீட்சை. மங்களம் ஒரு பழைய நாட்காட்டித் தாளைத் திருப்பி வைத்து, பேனாவோடு எனக்கு முன்னால் இருந்தாள். முதலில் விளைமீன் குழம்பு. ஒரு வாய் குழம்பு, ஒரு வாய் வைன். ஆணியை நக்கியதுபோல இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை, அவள் எழுதிவிட்டாள்.

"என்ன எழுதினாய்?"

"மீன் இல்லை எண்டு. உங்கட முகத்தைப் பாத்துத்தான் எழுதுறன். சொல்லுறதை நம்பமாட்டன், நீங்கள் தங்கச்சி எண்டு பாவம் பாப்பியள்."

அடுத்தது ஆட்டிறைச்சி. நல்ல உறைப்பு, கண்ணில் நீர் வந்தது. உறைப்புக்குமேல் வைனை விட்டால் வைன் தானும் எரியத் தொடங்கியது. பழம் எங்கேயோ ஓடிப்போய் கசப்பு மட்டும் நின்றது. முகத்தை வைத்திருக்க முயன்றேன், முடியவில்லை. மங்களம் எழுதினாள். மூன்றாவது பன்றி இறைச்சி. புளி விட்டு, மிளகு போட்டு, கறுப்பாக இறக்கியிருந்தாள். அதில் ஏதோ இருந்தது. புளிப்புக்கு வைன் வழிவிட்டது. ஜேர்மனியில் வினாகிரி இறைச்சியோடு இதைக் குடிப்பது ஏன் என்று பதினாலு வருடம் கழித்து அஜக்ஸில் விளங்கியது. ஆனாலும் உறைப்பு இன்னும் கூட. அப்போதுதான், வெயில் காலத்தில் தோட்டத்தில் நாங்கள் இதைக் கிணற்று நீரில் வைத்துக் குளிரப்பண்ணிக் குடிப்பது ஞாபகம் வந்தது. போத்தலைக் குளிர்சாதனப் பெட்டியில் அரை மணி நேரம் வைத்து எடுத்தேன். குளிர்ந்ததும் வைன் எரிவதை விட்டுவிட்டது.

மங்களம் நாட்காட்டித் தாளில் பன்றி என்று எழுதி, அதன் கீழே இரண்டு கோடு கீறினாள்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. அந்த வீட்டில் வெள்ளியில் மச்சம் ஏறாது, மீனும் இல்லை, இறைச்சியும் இல்லை. சட்டிகூட வேறு. பரீட்சையை நிறுத்தலாம் என்று நான் நினைத்தேன். மங்களம் கத்தரிக்காயைப் பொரித்துக் குழம்பு வைத்தாள், பீற்றூட்டைத் தேங்காய்ப்பால் விட்டு வற்றவைத்தாள். நான் விரத வீட்டில் வைன் குடிப்பது சரியா என்று கேட்டேன். வைன் மரக்கறிதானே என்றாள்.

கத்தரிக்காயின் எண்ணெய் நாக்கில் ஒரு படலம்போல நிற்க, குளிர்ந்த வைன் அதைத் துடைத்துக்கொண்டு போனது. அடுத்த வாய்க்கு நாக்கு தயார். பீற்றூட்டின் மண் மணமும் வைனின் மண் மணமும் ஒரே தோட்டத்தில் விளைந்ததுபோல இருந்தன. நான் இரண்டாம் தடவை போட்டுக்கொண்டேன். மங்களம் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சிரித்தாள்.

சனிக்கிழமை அந்தச் சந்தோசம் கொஞ்சம் குறைந்தது. ரொறன்ரோத் தமிழர் வீட்டுக் கராஜில் கார் இருக்காது. மடக்குக் கதிரைகள், பழைய குளிர்சாதனப் பெட்டி, கரம் விளையாட்டுப் பலகை, மூன்று அல்லது நாலு ஆண்கள் இருப்பார்கள். சிவநேசனின் கராஜும் அப்படித்தான். அவனுடைய கூட்டத்துக்குத் தலைவர் தவம் அண்ணை. தொழிற்சாலையில் வேலைசெய்து ஓய்வு பெற்றவர், எதற்கும் அவசரப்படாத மனிதர். சிவநேசன் திங்கட்கிழமை விருந்துக்கு இவர்களைத்தான் மனைவிமாரோடு கூப்பிட்டிருந்தான். மிச்சமிருந்த மூன்று போத்தல்களையும் பீற்றூட் கட்லற் பரீட்சைக்கென்று நான் பழைய குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்தேன். அது கராஜில் இருக்கிற பெட்டி என்பதை யோசிக்கவில்லை.

கட்லற் பொரிந்ததும் ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு போனேன். போத்தல்கள் மேசையில் வெறுமையாக நின்றன. பக்கத்தில் மங்களம் வேறு ஏதோ தேவைக்குப் பொரித்து வைத்த இறைச்சித் துண்டுகள், கச்சான், வெங்காயம். குடிக்கும்போது கொறிக்க வைக்கும் இந்தப் பொரியல் வகைகளை எங்கள் ஆட்கள் பைற்ஸ் என்பார்கள். அது இல்லாமல் ஒருவரும் கிளாஸைத் தொடமாட்டார்கள்.

தவம் அண்ணை என் கையிலிருந்த தட்டிலிருந்து ஒரு கட்லற் எடுத்துக் கடித்தார். "தம்பி, நல்ல சாமான் கொண்டந்தனீர். என்ன, கொஞ்சம் காணாது."

பிறகு உள்ளே இருந்து மங்களம் சாப்பிடக் கூப்பிட்டாள். எல்லோரும் எழுந்து கைகழுவி, சோறு போட்டு, தண்ணீர் குடித்துக்கொண்டு சாப்பிட்டார்கள். எனக்கோ போத்தல்கள் காலியான கோபம். கண்முன்னால் நடந்ததைக் கவனிக்கவில்லை.

திங்கட்கிழமை காலை சிவநேசனின் வான் கிளம்பவில்லை. பற்றறி இறந்துவிட்டது. லொறியை நகரத்துக்குள் கொண்டுபோக முடியாது. மூடியைத் துணியால் இறுக்கிக் கட்டி, பன்றிக் கறிச் சட்டியை நானும், கத்தரிக்காயை மங்களமும், பீற்றூட்டையும் தேங்காயையும் சிவநேசனும் தூக்கிக்கொண்டு ரயில் ஏறினோம். மற்ற ஆட்கள் மாலையில் நேரே வருவதாக ஏற்பாடு.

ரயிலின் மேல்மாடியில் எல்லோரும் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள். ஜேர்மன் ரயிலில் இப்படி மணக்கிற சட்டியோடு ஏறினால் யாராவது வந்து விதி வாசிப்பார்கள். இங்கே கழுத்துப்பட்டி கட்டிய ஒருவன் தொலைபேசியில் மனைவியிடமோ காதலியிடமோ சொன்னான்: இல்லை, கூட்டத்துக்கு நேரத்தோடு போய்விடுவேன், ஆனால் இந்தப் பெட்டியில் யாரோ சட்டியோடு இருக்கிறார்கள், அவர்கள் இறங்கும் இடத்தில் நானும் இறங்கிவிடுவேன்போல இருக்கிறது.

நகரத்தில் ட்ராம் எடுத்தோம். பாதி வழியில் சாரதி இதோடு இந்த வண்டி திரும்புகிறது, இறங்குங்கள் என்றார். காரணம் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. சட்டிகளோடு இருபது நிமிடம் நடந்தோம். கோடை வெயில். சிவநேசன் வழிநெடுக, லொறி ஓட்டுகிறவனை இப்படி நடக்கவைக்கும் நகரத்தைத் திட்டிக்கொண்டு வந்தான். மங்களம் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தாள். தேவாரமாக்கும் என்று நினைத்தேன். கிட்டப்போய்க் கேட்டால், உப்பு, புளி, பெருஞ்சீரகம் என்று வரிசைப்படுத்திக்கொண்டிருந்தாள்.

ஹெலன் அறுபதை நெருங்கும் உயரமான பெண். நரைமுடியைப் பென்சிலால் குத்தி வைத்திருந்தாள். நான் வைனை ஐஸ் வாளியில் வைத்ததும் அவள் முகம் மாறியது. சிவப்பு வைனை இப்படிச் செய்வதில்லை என்றாள். ஜேர்மனும் ஆங்கிலமும் கலந்து எனக்குத் தெரிந்த அளவில் விளக்கினேன். முடியாமல் போக, கொஞ்சம் கறியும் குளிர்ந்த வைனும் கொடுத்தேன். குடித்துவிட்டு, மிச்சப் போத்தல்களையும் தானே வாளிக்குள் இறக்கினாள்.

ஆறு மணிக்குப் பதினாறு பேரும் வந்துவிட்டார்கள். வெளியே நல்ல வெளிச்சம். சாப்பாடு மூன்று சுற்றாக வரவேண்டும் என்பது ஹெலனின் திட்டம். ஒவ்வொரு தட்டிலும் நடுவில் கொஞ்சம் சோறு, அதன்மேல் ஒரு கறி. முதலாவது கத்தரிக்காய். இரண்டாவது பன்றி, மூன்றாவது பீற்றூட். ஒவ்வொன்றுக்கும் வைன். நான் எல்லா மேசைக்கும் ஊற்றினேன். மங்களம் குசினிக் கதவின் சின்னக் கண்ணாடியால் பார்த்துக்கொண்டு நின்றாள்.

முதல் சுற்றுத் தட்டுகள் வந்தன. தவம் அண்ணை கிளாஸைத் தூக்கி மேசையின் ஓரத்துக்குத் தள்ளி வைத்துவிட்டு, சோற்றில் கைவைத்தார். மற்றவர்களும் அப்படியே. பிறகு ஒருவர் பின் ஒருவராகத் தண்ணீர் கேட்டார்கள். ஹெலனின் ஆட்கள் எட்டுப் பேரும் பக்கத்து மேசைகளில் இருந்து இதைக் கவனித்தார்கள். இந்தச் சாப்பாட்டை எப்படிச் சாப்பிடவேண்டும் என்று தெரிந்தவர்கள் இவர்கள்தான் என்பதுபோல, அவர்களும் கிளாஸை ஓரத்துக்குத் தள்ளினார்கள். இரண்டு பேர் முள்ளுக்கரண்டியையும் வைத்துவிட்டார்கள். எல்லோரும் தண்ணீர் கேட்டார்கள்.

பதினாறு கிளாஸில் நான் ஊற்றிய வைன் ஊற்றியபடி நின்றது.

சாப்பாட்டைப் புகழ்ந்தார்கள். அது வேறு. ஹெலன் கைகளைக் கட்டிக்கொண்டு சுவரோடு சாய்ந்து நின்றாள். பிறகு குசினிக்குள் வந்தாள். நானும் பின்னால் போனேன். சாப்பாடு மிக நன்றாக இருக்கிறது, ஆனால் உன்னுடைய ஆட்களே இந்தச் சாப்பாட்டோடு வைனைத் தொடுகிறார்கள் இல்லையே என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கூடப் பயமாக இருந்தது.

மங்களம் அடுப்பில் இருந்த சோற்றுச் சட்டியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அண்ணை, எங்கட ஆக்கள் சோத்தோட எப்பவாவது குடிச்சிருக்கினமோ?"

எனக்குச் சனிக்கிழமைக் கராஜ் அப்போதுதான் கண்ணில் தெரிந்தது. நான் பதினாலு வருடமாக ஜேர்மன்காரரோடு மேசையில் இருந்து, ஒரு வாய் சாப்பாடு ஒரு வாய் வைன் என்று பழகிவிட்டேன். மங்களம் குடிப்பவள் இல்லை. வைன் கறியோடு சேருமா என்று மூன்று நாளாகப் பார்த்த நாங்கள் இரண்டு பேரும், எங்கள் சனம் எப்போது குடிக்கும் என்பதை யோசிக்கவில்லை. எங்கள் ஆட்களுக்குச் சோறு வந்தால் குடி முடிந்தது. கறி பட்ட கையால் மதுக் கிளாஸைத் தூக்கமாட்டார்கள்.

"சோத்தை நிப்பாட்டுவம்" என்றாள் மங்களம்.

பெரிய தாச்சிச் சட்டியை அடுப்பில் வைத்தாள். பன்றிக் கறியைக் குழம்போடு அதில் கொட்டி, நெருப்பைக் கூட்டி, வற்ற வற்றப் பிரட்டினாள். வெங்காயம், கறிவேப்பிலை, கறிமிளகாய். புகை கிளம்பியது. ஹெலன் இருமிக்கொண்டு ஓடிப்போய்த் தெருக்கதவைத் திறந்தாள். எனக்குக் கட்டளை வந்தது, பீற்றூட்டைப் பிழிந்து உருண்டை பிடி, பாண்தூளில் பிரட்டு. பத்தொன்பது வருடக் கடை வேலையின் வேகம் என்ன என்பதை அன்று பார்த்தேன். சிவநேசனை ஓடவிட்டு, சாப்பாட்டறையில் இருப்பவர்கள் ஒருவரும் கைகழுவப் போகாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். கைகழுவிவிட்டால் எங்கள் ஆட்கள் அடுத்தது காலணி தேடுவார்கள்.

சிவநேசன் கழுவுமிடத்துக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றான். ஈரத்துணி கொடுத்தான். "இருங்கோ, இன்னும் தொடங்கேல்லை" என்றான். தவம் அண்ணை, சாப்பிட்டு முடிந்தபிறகு எதைத் தொடங்கப்போகிறாய் என்று கேட்டார்.

அப்போது சின்னத் தட்டுகள் போயின. கறுப்பாக மின்னும் இறைச்சித் துண்டுகள், பல்லுக்குத்தி குத்தியபடி. பொரித்த கத்தரிக்காய், குழம்பில்லாமல், மேலே உப்பும் தேசிக்காய்ப் புளியும். சுடச்சுட பீற்றூட் கட்லற். சோறு இல்லை.

தவம் அண்ணை தட்டைப் பார்த்தார். முகம் திறந்தது. ஓரத்தில் தள்ளி வைத்த கிளாஸை நடுவுக்கு இழுத்துக்கொண்டார்.

"உதை முதலே தந்திருக்கலாமே" என்றார்.

அவர் தூக்கியதும் கூட்டம் தூக்கியது. பக்கத்து மேசைகள் பார்த்தன, அவர்களும் தூக்கினார்கள். இறைச்சியின் புளிப்புக்கும் மிளகுக்கும் நடுவில் குளிர்ந்த வைன் தன் வேலையைச் செய்தது. நான் ஊற்றி ஊற்றிக் கை களைத்தேன். ஹெலனின் ஆட்களில் ஒரு கிழவர், ஜேர்மன்காரர் சிவப்பு வைன் செய்வார்கள் என்று இத்தனை வயதுவரை தன்னிடம் யாரும் சொல்லவில்லை என்று முறைப்பாடு சொன்னார். தவம் அண்ணை அவருடைய மேசைக்குக் கதிரையை இழுத்துப் போட்டு, கராஜுக்கு வரும்படி முகவரி கொடுத்தார். சிவநேசன் மூன்றாவது கிளாஸோடு என்னிடம் வந்து, டொனிக் நல்ல டொனிக்தான் என்றான். பெண்கள் மேசையில்தான் போத்தல் அதிகம் முடிந்தது. அதை அவன் கவனிக்கவில்லை, நான் சொல்லவும் இல்லை.

ஒன்றரை மணி நேரம் கழித்துச் சோறும் தேங்காய்ப்பால் சொதியும் போயின. அதோடு எல்லோரும், ஹெலனின் ஆட்களும்தான், கிளாஸை ஓரத்துக்குத் தள்ளித் தண்ணீர் கேட்டார்கள். இப்போது எந்தக் கிளாஸிலும் தள்ளுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

ஹெலன் குசினிக்குள் வந்தாள். மங்களம் தாச்சி கழுவிக்கொண்டிருந்தாள். ஹெலன் அவளைத் தன் பக்கம் திரும்பச் சொல்லி, வெள்ளிக்கிழமை மாலைகள் உனக்கு என்றாள். எந்தச் சாப்பாட்டுக் கடையிலும் வெள்ளி மாலைதான் பெரிய மாலை.

மங்களம் கையைத் துடைத்தாள். "வெள்ளி ஏலாது. நான் விரதம்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். மச்சம் சமைக்கமாட்டேன் என்றும் சொன்னாள்.

சிவநேசன் எனக்குப் பக்கத்தில் நின்று மெல்ல, "இவளுக்கு விசரே, மச்சான்" என்றான். மங்களம் பேரம் பேசுகிறாள் என்று ஹெலன் நினைத்தாள்போல. அப்படியென்றால் சனிக்கிழமை என்றாள். வெள்ளியைவிடச் சனி பெரியது என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

"ஓம்" என்றாள் மங்களம். தமிழில் சொன்னதே அவளுக்குத் தெரியவில்லை. ஹெலனுக்கு அது விளங்கிவிட்டது.

ஹெலன் உடனே வெண்கட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். நடைபாதையில் கடையின் கரும்பலகை நின்றது. மேற்கில் இன்னும் வெயில் இருந்தது. தவம் அண்ணையும் கூட்டமும் வெளியே நின்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். பலகையில் மேலே பெரிய எழுத்தில் டோர்ன்பெல்டர் என்று எழுதியிருந்தது. அதன் கீழே சனிக்கிழமை என்று எழுதிவிட்டு, சமைப்பவருடைய பெயரை எப்படி எழுதுவது என்று ஹெலன் திரும்பிக் கேட்டாள். மங்களம் என்று போட்டால் போதும், சின்னப் பெயர்தான் சுகம் என்றான் சிவநேசன்.

"இல்லை. மங்களேஸ்வரி" என்றாள் என் தங்கை.

ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். ஹெலன் எழுதினாள். பாதியில் பலகை முடிந்துவிட்டது. அழித்து, சின்னதாக எழுதிப் பார்த்தாள். தெருவின் மறுபக்கத்திலிருந்து வாசிக்க முடியாது என்று தவம் அண்ணை போய் நின்று பார்த்துச் சொன்னார். ஹெலன் உள்ளங்கையால் மேலே இருந்த வைனின் பெயரைத் துடைத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரைக்கும் என் தங்கையின் பெயரை முழுதாக எழுதினாள். டோர்ன்பெல்டர் பலகையின் அடியில், ஒரு மூலைக்குள், சின்ன எழுத்தில் போய் இருந்தது.

பதினாலு வருடம் அந்தத் திராட்சையோடு வேலை செய்தவன் நான். அதை அப்படி மூலையில் பார்த்து எனக்கு ஒரு கவலையும் வரவில்லை.